பட்டமா, பட்டயமா என்று கேட்ட அண்ணனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, மேல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அண்ணன் ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் இரண்டு வைத்திருந்தார். ஒன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல். மற்றது பஸ் நிலையத்தில் யாரோ கொடுத்த ஒரு தனியார் கல்லூரியின் வண்ணத் துண்டுப்பிரசுரம். பிள்ளை உயர்தரத்தில் வணிகப் பிரிவில் தோற்றி, கணக்கீட்டுக்கு ஏ, வணிகக் கல்விக்கு பி, பொருளியலுக்கு சி என்று பெறுபேறு எடுத்திருந்தாள்.

"தம்பி, நீங்கதான் இந்தக் கணக்காளர் துறையில இருக்கீங்க. பட்டம் எடுக்கிறதா, இல்ல உங்களப் போல பட்டயக் கணக்காளர் பரீட்சைகள எழுதுறதா? புள்ளைக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க."

அன்று அவருக்கு நான் சொன்னது அரைகுறையாகத்தான் இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒருமுறை தவறான பதில் சொல்லி அதன் விலையை என் வீட்டிலேயே பார்த்தவன் என்பதால், இந்த முறை நிதானமாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010 ஆகஸ்டில் உயர்தரம் எழுதினேன். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி போதவில்லை. அடுத்த வருடமும் எழுதினேன். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றது. வேறு வழி தெரியாததால் ஹட்டனில் ஏ.ஏ.டி. வகுப்பில் சேர்ந்தேன். கணக்காளராகப் படிக்கிறேன் என்று அப்பாயியிடம் சொன்னபோது, "கணக்கப்பிள்ள வேலைக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று கேட்டார். அவர் கண்ட கணக்கப்பிள்ளை, கையில் தடியோடு மலையில் நின்று, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்தவர்களுக்குப் பேர் போட்டு, கொழுந்து நிறைக்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், எழுதுகிறவர். கணக்கு என்ற சொல்லுக்கு எங்கள் லயங்களில் அவ்வளவு நல்ல பெயர் இருந்ததில்லை. அந்தப் பெயரை மாற்றப் போகிறேன் என்றெல்லாம் நான் கிளம்பவில்லை. பல்கலைக்கழகம் கிடைக்காததால் கிளம்பினேன், அவ்வளவுதான்.

ஏ.ஏ.டி. என்பது கணக்கியல் தொழினுட்பவியலாளர்களுக்கான கழகம். இலங்கையில் 1987 முதல் இயங்குகிறது. சாதாரண தரம் முடித்த பிள்ளைகூட இதைத் தொடங்கலாம். தமிழிலேயே பரீட்சை எழுதலாம். மலையகப் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தபடி, ஹட்டனுக்கோ கண்டிக்கோ பஸ்ஸில் போய்வந்து முடித்துவிடலாம். இதை முடித்தவர்களுக்கு மேலே உள்ள தொழில்முறைப் பரீட்சைகளில் சில பாடங்களுக்கு விலக்கு உண்டு. பட்டமா பட்டயமா என்ற பெரிய விவாதத்தில் யாரும் பேசாத இந்தச் சின்னப் படிதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான நுழைவாயில் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு மேலே இருப்பது இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம். 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. ஊரில் எல்லோரும் சி.ஏ. என்பது இதைத்தான். இதன் முக்கியத்துவம் எங்கே இருக்கிறது என்றால், கையெழுத்தில். பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பனியின் கணக்குகளைப் பரிசோதித்து, அவை உண்மையான, நியாயமான தோற்றத்தைத் தருகின்றன என்று கணக்காய்வு அறிக்கையில் ஒப்பமிடும் உரிமை இந்த நிறுவகத்தின் உறுப்பினருக்கு உரியது. முதல் வகுப்பில் கணக்கீட்டுப் பட்டம் பெற்றவரும், பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒப்பமிட முடியாது. ஆனால் எல்லோரும் கணக்காய்வாளராக வேண்டியதில்லை. ஹோட்டலில், வங்கியில், ஆடைத் தொழிற்சாலையில், அரச திணைக்களத்தில் கணக்கு எழுதுகிறவர்கள்தான் இந்தத் துறையில் பெரும்பான்மை. எனவே கையெழுத்து உரிமை என்ற ஒன்றை மட்டும் காட்டிப் பிள்ளையைப் பத்து வருடப் பயணத்துக்கு அனுப்பிவிடக் கூடாது.

தொழில்முறைத் தகைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பரீட்சைகளை எண்ணுகிறார்கள், கட்டணத்தைக் கூட்டுகிறார்கள். பயிற்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சி.ஏ.க்கு, அங்கீகரிக்கப்பட்ட இடம் ஒன்றில் மூன்று வருடங்கள் பயிலுநராக வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டுக் கணக்காளர் தகைமையான ஏ.சி.சி.ஏ.க்கும் 36 மாத அனுபவம் வேண்டும். புத்தகத்தை எந்த லயத்து அறையிலும் படிக்கலாம். பயிற்சியை அங்கே இருந்துகொண்டு செய்ய முடியாது. பயிற்சி இடங்களில் பெரும்பாலானவை கொழும்பில் இருக்கின்றன, சில கண்டியில் இருக்கின்றன. தலவாக்கலையில் இருந்து கண்டிக்கு நாளாந்தம் போய்வருவதாக யாராவது சொன்னால், அவர் மழைக்காலத்தில் கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதவர் என்று கொள்ளலாம்.

2014 இல் கண்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். மாதக் கொடுப்பனவு 7,000 ரூபாய்; அறை வாடகை 4,000. மீதி 3,000 ரூபாயில் சாப்பிட்டு, பரீட்சைக் கட்டணத்துக்கும் சேர்த்தேன் என்று எழுதினால் அது பொய். அம்மா தன் சம்பளத்தில் மாதம் 3,000 அனுப்பினார். சீட்டுக் கட்டிய காசு ஒருமுறை வந்தது. அதாவது, சம்பளத்தோடு படிக்கலாம் என்று பிரசுரங்களில் போடுவது சரிதான். அந்தச் சம்பளம் ஒரு ஆளைத் தாங்குமா என்பதைப் பிரசுரம் சொல்லாது. பல்கலைக்கழக மாணவருக்கு விடுதியும் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்க வாய்ப்பு உண்டு. பயிலுநருக்கு அப்படி எதுவும் இல்லை. பணம் இல்லாத வீட்டுக்கு எது மலிவு என்று கேட்டால், இலவசக் கல்வி உள்ள நாட்டில், அரச பல்கலைக்கழகம்தான் மலிவு. தொழில்முறைப் படிப்பு ஏழைக்கு ஏற்றது என்ற பேச்சு பாதிதான் உண்மை.

ஆனாலும் அந்த மூன்று வருடங்களை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மார்ச் 31 இரவு ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இருப்புக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். பொதி செய்த தேயிலைச் சாக்குகளை எண்ணுவது சுலபம். விறகு முற்றத்தில் அடுக்கியிருந்த விறகை, நீளம் அகலம் உயரம் அளந்து, இடைவெளிக்கு எவ்வளவு கழிப்பது என்று தொழிற்சாலை அதிகாரியோடு வாதாடியதுதான் கடினம். சிறுவயதில் அம்மாவோடு மலையிலிருந்து விறகுக் கட்டு சுமந்து இறங்கியவன் நான். அன்று அதே விறகு என் தாளில் கன மீற்றராக இருந்தது.

பயிற்சியின் கடைசி வருடத்தில் இன்னொன்று கற்றேன். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கணக்கீட்டு நியமத் திருத்தத்தின்படி, தேயிலைச் செடியைக் கட்டடத்தையும் இயந்திரத்தையும் போல ஆதனம், பொறி, உபகரணம் என்ற தலைப்பில் காட்டி, அதன் ஆயுட்காலத்துக்குப் பெறுமானத் தேய்வு போட வேண்டும். செடியில் துளிர்த்து நிற்கும் கொழுந்து மட்டும் உயிரியல் சொத்து. தாத்தா நட்ட செடி தேய்ந்துகொண்டே வருகிறது, அம்மா பறிக்கும் கொழுந்து உயிரோடு இருக்கிறது என்று நான் வீட்டில் விளக்கியபோது, "செடி தேஞ்சா தேயட்டும், எங்க முழங்காலு தேயிறத எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?" என்றார் அம்மா. அதை எழுதவும் ஓர் இடம் இருக்கிறது. பணிக்கொடைச் சட்டம், 1983 இன் 12 ஆம் இலக்கம். ஐந்து வருடங்களோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் வருடத்துக்கு 14 நாட்கள் வீதம் கொடுக்க வேண்டும். 30 வருடம் கொழுந்து எடுத்தவருக்கு 420 நாட் சம்பளம். 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 420,000 ரூபாய். பெருந்தோட்டக் கம்பனியின் ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கத்தில் இது பெரிய தொகை. எத்தனை பேர் இடையில் விலகுவார்கள், சம்பளம் எவ்வளவு ஏறும், எந்த வட்டி வீதத்தில் கழிவுசெய்வது என்ற அனுமானங்களை நான் ஒரு கணினித் தாளில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அது என் அம்மா வேலை செய்த கம்பனி இல்லை என்றாலும், ஒவ்வொரு வரியிலும் எனக்குத் தெரிந்த யாரோ ஒருவர் இருந்தார். விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் இது எனக்கு ஒரு சூத்திரமாக மட்டுமே வந்திருக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் விழுவது கணக்கில் அல்ல. பேரேடு, பரீட்சை மீதி, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, பெறுமானத் தேய்வு என்று தமிழில் தலைகீழாகச் சொல்லக்கூடிய பிள்ளை, கண்டி அலுவலகத்தில் முதல் நாள் "ரீகன்சிலியேஷன் செய்தாயா?" என்ற கேள்விக்கு விழிக்கிறது. கணக்கிணக்கத்தைச் செய்தே வைத்திருக்கிறது, அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியவில்லை. எனக்கு அப்படித்தான் நடந்தது. சி.ஏ. பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதினேன். சட்டப் பாடத்தில் இரண்டு முறை விழுந்தேன். தமிழில் எழுதியிருந்தால் முதல் தடவையே தேறியிருப்பேன் என்று இன்றும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர போன்ற இடங்களில் முகாமைத்துவம் படித்தவர்கள் இந்தப் பள்ளத்தைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தாண்டிவிடுகிறார்கள். தட்டித் தடுமாறுவதற்கு அவர்களுக்கு நான்கு வருட அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசம் பயிலுநருக்கு இல்லை. கோப்பு நாளைக்கே வேண்டும் என்பார்கள்.

இனி நான் செய்த தவறு. என் தங்கச்சி 2020 இல் உயர்தரம் எழுதினாள். என்னைவிடக் கெட்டிக்காரி. அரச பல்கலைக்கழகம் ஒன்றில் முகாமைத்துவத்துக்கு இடம் கிடைத்தது. அப்போது நான் சி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தொழில்முறைத் தகைமையே எல்லாம் என்ற எண்ணத்தில் இருந்தேன். கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. நான்கு வருடப் பட்டம் ஆறு வருடம் ஆகும் என்று எல்லோரும் பேசினார்கள். "அங்க போய்க் காலத்த வீணாக்காத. ஏ.சி.சி.ஏ. செய். பதின்மூணு பாடம், மூணு மாசத்துக்கு ஒருதடவ பரீட்ச, மூணு வருஷத்துல முடிச்சிரலாம், கட்டணத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் கேட்டாள். 2021 கடைசியில் பதிவுசெய்தோம்.

ஏ.சி.சி.ஏ. 1904 இல் இங்கிலாந்தில் தொடங்கிய அமைப்பு. வருடச் சந்தாவும் பரீட்சைக் கட்டணமும் பவுணில். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். அதற்கு முன் சுமார் 270 ரூபாயாக இருந்த ஒரு பவுண், மே மாதத்தில் 440 ஐத் தாண்டியது. என் சம்பளம் அதே ரூபாயில்தான் வந்தது. ஒரு பாடத்துக்கு ஒதுக்கிய காசு அரைப் பாடத்துக்குச் சற்று மேல்தான் போதும் என்று ஆனது. வீட்டில் காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். அவள் நான்கு பாடங்களோடு நிறுத்தினாள். விட்ட பல்கலைக்கழக இடத்துக்குத் திரும்பப் போக முடியாது. இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டு, வருடத்துக்கு ஒன்று இரண்டாகப் பாடங்களை எழுதுகிறாள். ஒன்பது முடித்துவிட்டாள், முடிப்பாள். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் ஹோட்டலில் மேலே ஒரு பதவி வெற்றிடமாகி, பட்டம் அவசியம் என்று விளம்பரம் ஒட்டியபோது அதைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஏ.சி.சி.ஏ.யையும், அதைப் போன்ற இன்னொரு பிரித்தானியத் தகைமையான சீமாவையும் நான் குறைத்துப் பேசவில்லை. வெளிநாடு போக நினைப்பவருக்கு அவை கைகொடுக்கும். உள்ளூர்ச் சம்பளத்தில் வெளிநாட்டு நாணயத்துக்குக் கட்டணம் கட்டும் வீடு, நாணயம் சரிந்தால் படிப்பும் நின்றுவிடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கணக்காளனான நானே அதை எடுக்கவில்லை.

ஆகவே அண்ணனின் மகளுக்கு என் முதல் வார்த்தை: அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விடாதே. அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இது நமக்கு யாரோ தந்த சலுகை என்று கூச்சப்பட வேண்டியதில்லை. லயத்துப் பாடசாலையில் கணக்கீட்டுக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு தவணை ஓட்டிய பிள்ளைக்கு அது நியாயம். கணக்கீட்டுப் பட்டம் முடித்தவருக்கு சி.ஏ.யிலும் ஏ.சி.சி.ஏ.யிலும் பாட விலக்கு உண்டு, ஏ.சி.சி.ஏ.யில் ஒன்பது வரை போகலாம். பட்டம் இருந்தால் தொழில்முறைப் பரீட்சை பின்னால் வரும். இங்கே பலரும் செய்வது போல இரண்டாம் வருடத்திலேயே அதைத் தொடங்கவும் செய்யலாம். தொழில்முறைத் தகைமையை முடித்த பிறகு முப்பது வயதில் விடுதியில் தங்கிப் பட்டம் படிக்கப் போக யாராலும் முடிவதில்லை.

இன்னொன்று, நம் தோட்டப் பாடசாலைகளுக்குப் பட்டதாரி ஆசிரியராக வர, பட்டம்தான் நேர்வழி. கணக்கீடு கற்பிக்க ஆள் இல்லாத பாடசாலைகளை நினைக்கும்போது, எல்லாக் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் கணக்காய்வு நிறுவனங்களுக்கு அனுப்பிவிடுவது எனக்கு உறுத்துகிறது.

இடம் கிடைக்காவிட்டால்? அந்த வண்ணப் பிரசுரத்துக்குப் போக வேண்டாம் என்றேன். அண்ணன் முகம் வாடியது. முற்பணத்துக்கு நகையை அடகு வைக்கத் தயாராக வந்திருந்தார். எல்லாத் தனியார் பட்டமும் மோசம் என்பது அல்ல. அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு 2017 முதல் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதில் சேர்ந்த நல்ல கற்கைநெறிகளும் உண்டு. இந்தப் பிரசுரத்தில் பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில் இருந்தது, கட்டணம் மட்டும் "தவணை முறையில்" என்று பெரிதாக இருந்தது. அதைவிட, கண்டியிலும் பதுளையிலும் உள்ள உயர் தொழினுட்பவியல் நிறுவகங்களில் நான்கு வருடக் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா கட்டணமில்லாமல் நடக்கிறது. அதன் பெயரை அண்ணன் கேள்விப்பட்டதே இல்லை. கட்டணம் இல்லாத ஒன்றுக்கு யார் பஸ் நிலையத்தில் பிரசுரம் கொடுப்பார்கள்?

எதுவானாலும், பெறுபேறு வந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்வரை போகும் காலம் சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் நீள்கிறது. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரமே 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. அந்த இடைவெளியில் வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகளில் சிலர் கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போய்த் திரும்புவதே இல்லை. அந்த நாட்களில் ஏ.ஏ.டி.யைத் தொடங்கு, தமிழிலேயே எழுது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொள் என்று சொல்லி, என் பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. "பற்றுச்சீட்டு" என்பதற்குப் பக்கத்தில் நான் ஏதோ தவறாக எழுதி அடித்திருந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள்.

அதுவரை வாய் திறக்காத பிள்ளை, போகும்போது ஒன்று கேட்டாள்: "பயிற்சிக்குக் கண்டிக்குப் போகணும்னா, நான் எங்க தங்குறது சித்தப்பா?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். என்னைப் பொறுத்தவரை, அன்று மாலை எழுந்த கேள்விகளில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். எங்களோடு பயிற்சிக்குச் சேர்ந்த மூன்று மலையகப் பெண்களில் இரண்டு பேர் இடையில் நின்றதற்குக் காரணம் பரீட்சை அல்ல. ஒருவருக்கு அறையை விடச் சொன்னார்கள், இன்னொருவர் ஹட்டனுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாளாந்தம் ஐந்து மணிக்குக் கிளம்பியதை மேலதிகாரி பொறுக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கண்டி, கட்டுக்கலையில் மூன்று பேரோடு ஒரு வீட்டின் மேல்மாடியில் இருக்கிறார். அங்கே இன்னோர் ஆளுக்கு இடம் உண்டா, மாதம் எவ்வளவு, சமைக்க விடுவார்களா என்று கேட்டுச் சொல்வதாக அவளிடம் சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை கேட்க மறந்துவிட்டேன். நாளைக்குக் கேட்க வேண்டும்.